எஸ்கலின் கை வைத்த பேட்டரிகள்

எட்டாந்துறையில் ஒரு பெண்ணின் கோபத்தில் பேட்டரி சார்ஜ் ஏறியது என்று சொன்னால் அந்தக் கரையில் பிறந்த எவரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். எத்தனை ஆம்பியர் பேட்டரி, முழுதாக ஏற எவ்வளவு நேரம் பிடித்தது என்றுதான் கேட்பார்கள். அரசாங்க வரைபடத்தில் ஏழு துறைகளோடு கரை முடிந்துவிடும். அதற்கும் அப்பால், பாறைக்கும் அலைக்கும் நடுவே ஒண்டிக் கிடந்த அந்த ஊரில் எண்பது விசைப்படகுகளும், ஒரு மாதா கோயிலும், ஓர் ஐஸ் கம்பெனியும், துறைமுகக் கேட்டுக்குப் பக்கத்தில் எஸ்கலினின் பேட்டரிக் கடையும் இருந்தன.

எஸ்கலினுக்கு நாற்பத்தொரு வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் தம்பி ஆன்றோவைத் தன் கையால் சோறு பிசைந்து கொடுத்து வளர்த்தவள். அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆன்றோ வளர்ந்து, பர்னபாஸ் முதலாளியின் ‘கடலரசி’ படகில் டிரைவரானான். முப்பது நாள், நாற்பது நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போகிற படகு அது. இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வயர்லெசுக்கும் ஜி.பி.எஸ்சுக்கும் விளக்குகளுக்கும் தனியாக ஒரு ஜோடி. அந்த ஜோடிக்கு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் எடுத்து ஊட்டுவதற்கு ஒரு சார்ஜர்.

அந்த சார்ஜர் சரியில்லை என்று எஸ்கலின் மூன்று தடவை சொன்னாள். உள்ளேயிருக்கும் ஃபேன் சுற்றவில்லை, பத்து நிமிடத்தில் பெட்டி கொதிக்கிறது, கொதித்தவுடன் சார்ஜ் விழுந்துவிடுகிறது, புதிது மாட்டாமல் தங்கலுக்கு அனுப்பாதீர்கள் என்று, ஒரு தடவை மீன் ஏலக்கூடத்திலும், ஒரு தடவை கோயில் வாசலிலும், ஒரு தடவை படகின் மேலேயே நின்றும் சொன்னாள். பர்னபாஸ் மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். “சீசன் முடியட்டும் எஸ்கலினு.” அந்த ஊரின் படகுகளுக்கெல்லாம் கயிறும் பல்பும் சார்ஜரும் விற்கிற கடையும் அவருடையதுதான்.

அதே சார்ஜரோடு தங்கலுக்குப் போன பத்தொன்பதாம் நாள் கடலரசியின் வயர்லெஸ் ஊமையானது. இருபதாம் நாள் புயல் வருகிறதென்று கரையிலிருந்து கூவினார்கள், கடலில் கிடந்த படகுகளெல்லாம் ஒன்றுக்கொன்று கூவிக்கொண்டு மூக்கைத் திருப்பின, கடலரசி மட்டும் கேட்காமல் அங்கேயே வலை போட்டுக்கொண்டிருந்தது. பதினோரு பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். வராத மூவரில் ஆன்றோ ஒருவன். அவன் உடல் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். டிரைவர் விளக்குகளை அணைக்காமல் தூங்கியதால் பேட்டரி இறங்கியது என்று பர்னபாஸ் சொன்னார், அதிகாரி அதை எழுதிக்கொண்டார். திரும்பி வந்த எட்டுப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏனென்றால் அடுத்த தங்கலுக்கு அவர்கள் ஏற வேண்டியது அவருடைய படகிலோ அவர் சொல் கேட்கிற இன்னொருவரின் படகிலோதான்.

அறிக்கை வந்த அன்று காலையில் எஸ்கலின் பையைத் தூக்கிக்கொண்டு, இழுத்து வந்து கட்டப்பட்டிருந்த கடலரசியின் இன்ஜின் அறைக்குள் இறங்கினாள். அழுவதற்காக இறங்கவில்லை, வேலை பார்க்க இறங்கினாள். பேட்டரியில் மீட்டரை வைத்தாள், பத்து வோல்ட்டுக்கும் கீழே. ஜெனரேட்டரை ஓட்டிப் பிளக்கில் பார்த்தாள், இருநூற்று முப்பது சரியாக வந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சார்ஜரின் வாயில் பார்த்தாள், பதினான்கு காட்டியது. காத்திருந்தாள். பத்தாவது நிமிடம் பெட்டி சுட்டது, முள் சரிந்து பதினொன்றுக்கு வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நான்கு ஸ்குரூவைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். மேலே நாற்பது ஆம்பியர் என்று ஒட்டியிருந்த அந்தப் பெட்டிக்குள், பத்து ஆம்பியர்கூடத் தாங்காத ஒரு சின்னப் போர்டும், துருப்பிடித்து நின்றுபோன ஃபேனும், தூக்கிப் பார்க்கிறவனுக்கு கனம் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்து ஒட்டப்பட்ட ஒரு கான்கிரீட் கட்டியும் இருந்தன.

அவள் அந்தக் கட்டியைப் பெயர்த்துக் கையில் எடுத்தாள். படி இறங்கும் சத்தம் கேட்டது. பர்னபாஸ்.

“நீ இஞ்ச என்ன செய்யுத?”

“இத பாருங்க முதலாளி. உள்ள கல்ல வச்சு வித்திருக்கிய.”

அவர் பார்த்தார். முகம் மாறவில்லை. “ஒனக்க தம்பிதான் நல்ல சாதனத்த எடுத்து வித்துட்டு இத மாட்டியிருப்பான். செத்தவன குத்தம் சொல்லக்கூடாதுன்னு நான் வாய மூடிட்டு இருக்கேன். லைட்ட அணைக்காம உறங்குனவனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டா.”

கட்டியைக் கீழே வைத்த எஸ்கலினின் இரண்டு கைகளும் அப்போது பேட்டரியின் இரண்டு டெர்மினல்களின் மேல் ஊன்றியிருந்தன. பேட்டரியோடு இணைத்துக் காலடியில் கிடந்த மீட்டரின் முள் நகர்ந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டரை, பதின்மூன்று, பதினான்கு புள்ளி நான்கு. மேலே, படகோட்டும் அறையான வீல்ஹவுசில் பல நாளாய்ச் செத்துக்கிடந்த வயர்லெஸ் கரகரத்து உயிர் பெற்று, தொலைவில் யாரோ மத்திக்கு என்ன விலை என்று கேட்டது காதில் விழுந்தது. பர்னபாஸ் மீட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். அவர் வியாபாரி. படியேறிப் போனார்.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். பேட்டரியைக் கடை வாசலில் வைத்துவிட்டு, “ஒண்ணு தொட்டுக் குடு மக்ளே” என்று கேட்டார்கள். அவள் தொட்டாள், ஏறியது, ஏனென்றால் கோபம் அவளுக்குள் கிணற்று நீர்போல ஊறிக்கொண்டே இருந்தது, வெளியே எடுத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பல வருடமாய் ஆசிட்டில் கை வைத்ததில் ரத்தத்துக்குள் கரண்ட் ஏறிவிட்டது என்றார் டீக்கடைக்காரர். அவள் பிறந்தபோது கொடிமரத்தில் இடி விழுந்தது என்றாள் மருத்துவச்சி. பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டார்கள். வேதத்தில் வோல்ட்டைப் பற்றி எங்கும் சொல்லவில்லை, ஆகையால் தடையும் இல்லை என்று சொல்லிவிட்டு, கோயில் மைக் செட்டின் பேட்டரியையும் கொடுத்தனுப்பினார்.

ஒரு மாதத்தில் அது ஊரின் ஏற்பாடாகிவிட்டது. படகுச் சங்கச் செயலாளர் சிலுவைதாசன் ஏலக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டார். நாற்பது பேட்டரிகளை வரிசையாய் அடுக்கி, செம்புக் கம்பியால் இணைத்து, கம்பியின் இரண்டு நுனிகளையும் அவள் கையில் கொடுத்தார். தங்கலுக்குப் போகிற ஒவ்வொரு படகும் முதல்நாள் காலையில் வரிசையில் நின்றது. அவள் கோபம் குறைகிற அன்று எதைச் சொன்னால் எத்தனை ஏறும் என்பதும் ஊருக்குப் பழகிவிட்டது. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தருவோம் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வராததைச் சொன்னால் பன்னிரண்டு வோல்ட் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலம் உடைந்து கிடப்பதைச் சொன்னால் பன்னிரண்டரை. ஒருவர் தினமும் பத்திரிகை கொண்டுவந்து அவள் எதிரே உட்கார்ந்து உரக்க வாசிப்பார். ஒருநாள் யாரோ ஒரு பெண் தன் குழந்தையை மடியில் வைத்தபடி மீன் வாங்க வந்தாள், குழந்தை எஸ்கலினின் மூக்கைப் பிடித்தது, எஸ்கலின் சிரித்துவிட்டாள், நாற்பது பேட்டரியும் பாதிக்கு இறங்கின. அன்றிலிருந்து ஏலக்கூடத்துக்குள் கைக்குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது என்று சங்கம் அறிவித்தது.

ஆனால் முழு சார்ஜுக்கு ஒரே வழிதான் இருந்தது. திங்கட்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் பர்னபாஸ் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, டீ கொடுப்பார்கள். டீயைக் குடித்து முடித்து, எழுந்து எஸ்கலினுக்கு எதிரே நின்று, கோயிலில் வாசகம் வாசிப்பவரைப் போலச் சொல்வார்: “ஒனக்க தம்பி லைட்ட அணைக்கல.” நாற்பது பேட்டரியும் பதினான்கு புள்ளி நான்குக்கு ஏறி நிற்கும். கூட்டம் கலையும். போகும்போது ஆண்கள் பர்னபாசுக்குக் கும்பிடு போடுவார்கள். வாரம் தவறாமல் ஊருக்காக வந்து நிற்கிறாரே, வேறு எந்த முதலாளி செய்வார் என்று பேசிக்கொண்டார்கள்.

சார்ஜர்களைக் கழற்றி மூலையில் போட்டார்கள். கெட்டுப்போனதை யாரும் பழுது பார்க்கவில்லை, புதிதாய் யாரும் கேட்கவில்லை, பழைய பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்று யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. எஸ்கலினின் விரல்நுனிகள் கறுத்தன. வாயில் எப்போதும் ஈயத்தின் ருசி இருந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. இருந்தும் அவள் போய் உட்கார்ந்தாள், ஏனென்றால் கடலுக்குள் ஊமையாகிப் போன படகைப் பற்றி அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தன்னுடைய கோபமாவது நாலு படகைப் பேச வைக்கட்டும் என்று நினைத்தாள்.

ஒருநாள் மறுவிசாரணை கேட்டு ஒரு மனு எழுதி, சங்கத்தில் கையெழுத்துக்கு வைத்தாள். சிலுவைதாசன் அதை இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் அல்ல, ஆன்றோவின் ஞானஸ்நானத்துக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்.

“எஸ்கலினு, நீ கேக்கது நியாயம்தான்.”

“அப்ப போடுங்க அண்ணே.”

“போட்டா விசாரணை வரும். வந்தா ஒனக்கு நியாயம் கெடச்சாலும் கெடைக்கும்.” அவர் பேனாவை மூடினார். “ஒனக்க மனசு ஆறிப்போச்சுன்னா எண்பது படகுக்கு யாரு சார்ஜ் போடுவா, சொல்லு? சீசன் முடியட்டும்.”

அன்று ஏலக்கூடத்தில் பர்னபாஸ் வராமலே பதினைந்துக்கு மேல் ஏறியது. ஆறு பேட்டரிகள் உப்பிப்போயின. சங்கம் அதற்காக வருத்தம் தெரிவித்து, இனிமேல் அவளிடம் அளவோடு பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

அதற்கு மறுவாரம் ‘மரகதம்’ படகு பேச்சை நிறுத்தியது. தங்கலுக்குப் போய்ப் பதினான்கு நாள் ஆகியிருந்தது, அந்த ஏற்பாட்டில் அத்தனை நாள் கடலில் நின்ற முதல் படகு அதுதான். எஸ்கலினின் கோபத்தில் ஏறிய பேட்டரி பதின்மூன்று நாள் நின்றது, பதினான்காம் நாள் தீர்ந்தது, ஜி.பி.எஸ்சும் அணைந்து படகு வழி தவறியது. படகில் சார்ஜர் இல்லை, கடலில் எஸ்கலின் இல்லை. மூன்று பகலும் பெண்கள் அலைக்கரையில் நின்றார்கள். நான்காம் நாள் மத்தியானம், கேரளப் பக்கத்துப் படகொன்று கயிறு கட்டி மரகதத்தை இழுத்துக்கொண்டு வந்து விட்டது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். தண்ணீர் தீர்ந்து உதடு வெடித்த டொனாட்டசைத் தோளில் சாய்த்து வீட்டில் கொண்டுவிட்டுவிட்டு, அவன் மனைவி லில்லிபாய் நேராகப் பேட்டரிக் கடைக்கு வந்தாள்.

“நீதான்க்கா காரணம்.”

கடையில் நின்ற இரண்டு பேர் அவளைப் பிடிக்கப் போனார்கள். எஸ்கலின் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஒனக்க தம்பி எப்படிச் செத்தான்? அந்தச் சார்ஜரு சரியில்லாமத்தான? அது ஒனக்குத் தெரியும். இந்த ஊருல வேற யாருக்கும் தெரியாது, ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ நாற்காலியில இருந்து கம்பிய பிடிச்சுக் குடுத்த. ஒனக்க கோபத்த நம்பி எல்லாரும் சார்ஜர கழத்திப் போட்டாச்சு. நடுக்கடலுல இவருக்கு ஒனக்க கோபமா வந்து வெளிச்சம் காட்டும்? அவரு வராம இருந்தா நான் யாருட்ட போய் கோவப்படணும்? எனக்க கையில பேட்டரி ஏறாது பாத்துக்க!”

பர்னபாஸ் அத்தனை திங்கட்கிழமைகளிலும் சொன்னது தைக்காத இடத்தில் இது தைத்தது, ஏனென்றால் இதில் பொய் இல்லை. அவள் லில்லிபாயின் வெடித்த பாதங்களைப் பார்த்தாள். மூன்று நாள் உப்புமணலில் நின்ற பாதங்கள்.

“தண்ணி குடி,” என்றாள். “குடிச்சிட்டு எனக்கூட வருவியா?”

அன்று வெள்ளி. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பர்னபாஸ் வந்தபோது, சிலுவைதாசனின் ஆட்கள் வரிசையில் முதலாவதாக வைத்திருந்தது கடலரசியின் பேட்டரி ஜோடியை. படகுக்கு நீலமும் மஞ்சளும் புதிதாய் அடித்து, உள்ளே அதே பெட்டியை ஸ்குரூ முடுக்கி மாட்டி, மறுநாள் தங்கலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. மரகதம் கரையில் கிடந்ததால் அதன் ஆட்களைத்தான் அதில் ஏற்றுவதாக இருந்தது, டொனாட்டசையும் சேர்த்து. பர்னபாஸ் டீயைக் குடித்தார். எழுந்து எதிரே வந்து நின்றார்.

“ஒனக்க தம்பி லைட்ட அணைக்கல.”

எஸ்கலின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செம்புக் கம்பி தரையில் கிடந்தது.

“இன்னொரு மட்டம் சொல்லும்,” என்றாள். அதுவரை அவள் அவரை நீங்கள் என்றுதான் சொல்வாள், நீர் என்று பேசியதில்லை.

அவர் சொன்னார். ஒன்றும் ஏறவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். சிலுவைதாசன் குனிந்து, “கம்பிய பிடி மக்ளே” என்று கெஞ்சினார்.

“பிடிக்க மாட்டேன். இது எனக்க தம்பிக்க கோபம். நீங்க எடுத்து லைட்டு எரிச்சது போதும்.” அவள் எழுந்தாள். “ஒரு படகுக்கும் இனி ஏத்தித் தர மாட்டேன். அவ்வளவு பேரும் கழத்திப் போட்ட சார்ஜர எடுத்துட்டு வந்து, இந்தத் தரையில வச்சு, தெறந்து பாருங்க. நாலு ஸ்குரூதான்.”

முதலில் நகர்ந்தது லில்லிபாய். மரகதத்தின் சார்ஜரை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தரையில் வைத்து, எஸ்கலின் கொடுத்த ஸ்குரூடிரைவரால் நான்கையும் கழற்றி, மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்த கான்கிரீட் கட்டியை எடுத்து ஏலமேடையின் மேல் வைத்தாள். அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. பிறகு இன்னொரு பெண் வீட்டுக்கு ஓடினாள். பிறகு ஐந்து பேர். மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு பெட்டிகள் திறந்தன, நாற்பத்தொன்பது கட்டிகள் ஏலமேடையில் ஏறின. வழக்கமாய் அயலை மீனும் சூரை மீனும் குவிகிற இடத்தில் அவை குவிந்து கிடந்தன. ஆண்கள் தலையைக் குனிந்து, தங்கள் கையால் வாங்கி மாட்டிய சாதனத்தைப் பார்த்தார்கள். என்னையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பர்னபாஸ் ஆரம்பித்தார். பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் அவர் முகத்துக்கு நேரே கத்தியதில் அந்த வாக்கியம் முடியவே இல்லை.

எஸ்கலின் அதைக் கேட்க நிற்கவில்லை. அவள் கடையில் ஒரு நல்ல சார்ஜர் இருந்தது, ஆன்றோவின் படகுக்கென்று முன்பே வரவழைத்து, பர்னபாஸ் வாங்க மறுத்ததால் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடலரசிக்குப் போனாள். பேட்டரிகளை ஒவ்வொன்றாய்ச் சுமந்து பின்னால் லில்லிபாய் வந்தாள். பழைய பெட்டியைக் கழற்றி, டெர்மினல்களில் பூத்திருந்த பச்சைத் துருவைச் சுடுதண்ணீரும் சோடா உப்பும் விட்டுத் தேய்த்து, ஈர்க்குச்சி கனத்தில் இருந்த ஒயரை அறுத்து எறிந்துவிட்டு விரல் கனத்தில் புது ஒயர் இழுத்து, புதுச் சார்ஜரை, படகடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் காற்றோட்டமாய் முடுக்கினாள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்தாள். பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் பிறகு. ஒவ்வொன்றையும் செய்யும்போதே சத்தமாய்ச் சொன்னாள், லில்லிபாய் திருப்பிச் சொன்னாள். ஜெனரேட்டரை ஓட்டினார்கள். ஃபேன் சுற்றியது. பத்து நிமிடம் ஆயிற்று, பெட்டி சுடவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, முள் சரியவில்லை.

“ஒண்ணு தொட்டுப் பாரேன்,” என்றாள் லில்லிபாய்.

எஸ்கலின் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு இரண்டு டெர்மினல்களிலும் கை வைத்தாள். மீட்டர் அசையவில்லை. “போயிட்டுதாக்கா?” என்றாள் லில்லிபாய் மெல்ல.

“கோபம் எங்க போகும்? பேட்டரிக்குள்ள போகல, அவ்வளவுதான்.”

அவள் வீல்ஹவுசுக்கு ஏறி வயர்லெசை எடுத்தாள். கடலில் அன்று எட்டாந்துறைப் படகுகள் முப்பத்தைந்து இருந்தன. அதில் பேசுவதற்கான பொத்தானை அவள் இதற்கு முன் அழுத்தியது பழுது பார்ப்பதற்கு மட்டும்தான்.

“நான் எஸ்கலின் பேசுதேன். கடலரசியில இருந்து. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பர்னபாஸ் வித்த சார்ஜருக்குள்ள கல்லு இருக்கு. நாப்பத்தொம்பது கல்லு ஏலமேடையில கெடக்கு, வந்து எண்ணிக்கிடலாம். எனக்க தம்பி லைட்ட அணைச்சானா அணைக்கலியான்னு பாத்தவங்க எட்டுப் பேரு உயிரோட இருக்கிய. இனியும் தரைய பாக்கணும்னா பாருங்க. நடுக்கடலுல தரை இல்ல.”

பொத்தானை விட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது. லில்லிபாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு குரல் உடைந்து உடைந்து வந்தது. கடலரசியில் பிழைத்த எட்டில் ஒருவன், பெலிக்ஸ், இப்போது வேறு படகில் பன்னிரண்டு நாள் தூரத்தில் இருந்தான்.

“அக்கா, பெலிக்ஸ் பேசுதேன். லைட்டு எல்லாம் அணைஞ்சுதான் கெடந்துது. மூணு நாளா ஆன்றோ இருட்டுலதான் எங்கள ஓட்டுனான். சார்ஜருக்கு விசிறி எடுத்து வீசிக்கிட்டே இருந்தான். கையில கொப்புளம். நான் பாத்தேன். எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்.”

அவனுக்குப் பின்னால் இன்னொருவன் பேசினான். பிறகு இன்னொருவன். எஸ்கலின் வீல்ஹவுசின் பலகையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஊர் கேட்க முதல்முறையாய்க் கத்தி அழுதாள்.

படகுகள் சீசன் நடுவில் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பின. எட்டு நாள், பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ஒவ்வொன்றாய் வந்து துறைமுக வாயின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றன. கடலரசி வெளியே போகவில்லை, வேறெந்தப் படகும் போகவில்லை. பர்னபாசின் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள், அவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். சிலுவைதாசன் மனுவில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு எஸ்கலினின் கடை வாசலில் வந்து நின்றார். அவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் நின்றுவிட்டுப் போனார். பங்குத்தந்தை மைக் செட்டுக்கு ஒரு சார்ஜர் வாங்கினார்.

மறுபடி அதே அதிகாரி வந்தார். ஏலக்கூடத்தில் மேசை போட்டு, எட்டுப் பேரிடமும் தனித்தனியாய்க் கேட்டு எழுதி, கட்டிகளை எண்ணி, கடைசியில் புதிய அறிக்கையை வாசித்தார். தரமற்ற மின்னேற்றியைத் தெரிந்தே விற்றும் பொருத்தியும் மூன்று உயிர்கள் பலியாகக் காரணமானவர் படகின் உரிமையாளர். ஓட்டுநர் ஆண்டோவின் மீது எந்தப் பிழையும் இல்லை.

கூட்டம் மூச்சு விட்டது. லில்லிபாய் எஸ்கலினின் கையைப் பிடித்தாள். எஸ்கலின் கையை விடுவித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்று, தாளை எட்டிப் பார்த்தாள்.

“பேரு தப்பா எழுதியிருக்கிய சார்.”

“அதனால என்னம்மா, ஆளு யாருன்னு தெரியுதுல்ல?”

“அவன் ஆண்டோ இல்ல. ஆன்றோ. ரெண்டு சுழி ன், வல்லின ற. அப்படித்தான் கோயில் புஸ்தகத்துல இருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “அடிச்சிட்டு எழுதுங்க. நான் நிக்கியேன்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திறந்து, பெயரை அடித்துவிட்டு, மேலே எழுதினார். அவள் ஒவ்வொரு எழுத்தாய் வாசித்துப் பார்த்தாள். அப்புறம்தான் நகர்ந்தாள்.